58-ல் ஓய்வு, அன்றோடு கம்பெனி காப்பீடும் முடிகிறது: மருத்துவச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 54 வயது. தனியார் நிறுவனத்தில் வேலை, 58-ல் ஓய்வு. கம்பெனியின் குரூப் பாலிசியில் அவருக்கும் மனைவிக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் காப்பீடு இருக்கிறது. சொந்தப் பாலிசி கிடையாது. அவருக்குச் சுகர், மனைவிக்கு பிரஷர். ஓய்வுக்குப் பிறகு மருத்துவக் காப்பீட்டுக்கு எவ்வளவு பணம் வேண்டும், பாலிசியை ஓய்வு பெறும்போது எடுத்தால் போதாதா, 78 வயது அம்மாவுக்கு என்ன வழி என்று கேட்கிறார். கூடவே நண்பர் ஒருவரின் யோசனையையும் எழுதியிருக்கிறார்: பிரீமியம் கட்டும் காசை பேங்கில் போட்டால் வட்டியாவது வரும்.

எவ்வளவு என்பதற்கு முன்னால் எப்போது என்பதைப் பேசிவிடலாம். உங்கள் விஷயத்தில் தொகையைவிடத் தேதிதான் முக்கியம்.

புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் அதனால் வருகிற சிக்கல்களுக்கும் உடனே பணம் தர மாட்டார்கள். காத்திருப்புக் காலம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் இதன் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. கண்புரை, மூட்டு மாற்று, குடலிறக்கம் போன்ற சிலவற்றுக்கு, அவை முன்பே இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியாக ஒரு காத்திருப்பு வைத்திருப்பார்கள். பெரும்பாலான பாலிசிகளில் அது 24 மாதம்.

இப்போது உங்கள் வயதை வைத்துப் பாருங்கள். 54-ல் எடுத்தால் 57-ல் காத்திருப்பு முடிந்துவிடும். அந்த மூன்று வருடமும் கம்பெனி பாலிசி உங்களைத் தாங்கிக்கொள்ளும், ஏனென்றால் குரூப் பாலிசிகளில் பொதுவாகப் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. 58-ல் எடுத்தால் கதை வேறு. 61 வயது வரை, கையில் சம்பளமும் இல்லாமல், சுகர் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் சொந்தக் காசுதான். சுகர் இருப்பவருக்குக் கால் புண், சிறுநீரகம், இதயம், கண் என்று எது வந்தாலும் அதைச் சுகரோடு முடிச்சுப் போட்டுவிட முடியும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

"நாலு வருஷம் இரண்டு பாலிசிக்கும் காசா?" என்று தோன்றும். ஆமாம், அதுதான் விலை. அந்த நான்கு வருடப் பிரீமியத்தில் நீங்கள் வாங்குவது சிகிச்சையை அல்ல, காத்திருப்பு முடிந்த ஒரு பாலிசியை. தவிர, இன்னும் நான்கு வருடம் கழித்துப் போனால் பாலிசி கிடைக்குமா என்பதே கேள்வி. எல்லா வயதினருக்கும் பாலிசி இருக்க வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கிற ஒவ்வொருவருக்கும் கொடுத்தே தீர வேண்டும் என்று இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் பிரீமியத்தை ஏற்றுவார்கள், அல்லது மரியாதையாக மறுத்துவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் சுகரையும் பிரஷரையும் மறைக்கவே மறைக்காதீர்கள். "அதெல்லாம் போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்" என்று சொல்கிற ஏஜென்ட் க்ளெய்ம் நேரத்தில் போனை எடுக்க மாட்டார். பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்பது இப்போதைய விதி. முன்பு இது எட்டு வருடமாக இருந்தது. இப்போது எடுத்தால் 59-ல் அந்தப் பாதுகாப்பும் வந்துவிடும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய தலைவலியாக மாறுவதுண்டு. அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டியூட்டி டாக்டர் "சுகர் எத்தனை வருஷமா?" என்கிறார். பதற்றத்தில் வீட்டுக்காரர் யாரோ ஒருவர் "அது இருக்கும், ஒரு பத்து வருஷமா" என்கிறார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியில் வந்து உட்கார்ந்துவிடும். பாலிசிக்கு நாலு வயது, சுகருக்குப் பத்து வயது என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி என்ன கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. நோய் கண்டுபிடித்த மாதமும் வருடமும் எழுதிய முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்த வருடம் தெரிந்திருக்கட்டும்.

சரி, எவ்வளவு என்பதற்கு வருவோம்.

பெரும்பாலோர் செய்கிற தவறு, இன்றைய பிரீமியத்தை மாதக் கணக்காக்கி பட்ஜெட்டில் ஒரு வரியாகப் போட்டுக்கொள்வது. பிரீமியம் நிற்கிற இடத்தில் நிற்காது. வயதுப் படி ஒன்று தாண்டினால் ஏறும், மருத்துவச் செலவு கூடினால் மொத்தமாகவே ஏற்றுவார்கள். கணக்கு எளிதாக இருக்க, 60 வயதில் இருவருக்கும் சேர்த்து வருடம் 40,000 ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு என்று வைத்துக்கொள்வோம். 70 வயதில் அது ஏறக்குறைய 1,04,000 ஆகும். 80-ல் 2,69,000. முதல் 20 வருடத்தில் கட்டும் மொத்தத் தொகை கிட்டத்தட்ட 23 லட்சம்.

பயந்துவிடாதீர்கள். 23 லட்சத்தையும் இன்றே எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஒதுக்கும் பணமும் வளரும் அல்லவா? அது வரி போக 7 சதவீதம் ஈட்டினால், 60 வயதில் சுமார் 10.5 லட்சம் இருந்தால் 80 வயது வரை பிரீமியத்தைக் கட்டிவிடலாம். 85 வரை என்றால் 14 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மனக்கணக்கு வேண்டுமென்றால், முதல் வருடப் பிரீமியத்தை ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சேருங்கள் (20 வருடத்துக்கு இது சரியாக வரும், 25 வருடம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்). அந்தப் பெருக்குத் தொகை அப்படியே போதும் என்பது, பணத்தின் வளர்ச்சியும் பிரீமிய உயர்வும் சமமாக இருந்தால் மட்டும்தான். உங்களுக்கு வருகிற கோட்டேஷனை 40,000 இருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

10 சதவீதம் என்பது என் ஊகம்தான், ஆனால் அதற்கு ஒரு பிடிமானம் உண்டு. 60 வயதுக்கு மேற்பட்டோரின் பிரீமியத்தை ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் முன்கூட்டியே தன்னிடம் கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. உயர்த்தவே முடியாது என்று அர்த்தமில்லை. இன்னொரு நல்ல செய்தி, தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. குரூப் பாலிசிக்கு வரி தொடர்கிறது. பேங்க் மூலம் மலிவாகக் கிடைக்கிறது என்று குரூப் பாலிசியில் சேர நினைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். பேங்கும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டால் உங்கள் விதிகளும் மாறும் என்பதையும் பார்க்க வேண்டும். 75 வயதில் அப்படி ஒரு கடிதம் வந்தால் எங்கே போவது?

பாலிசியை எப்படி அமைப்பது? என் கருத்து: 5 லட்சத்துக்கு ஒரு அடிப்படைப் பாலிசி, அதன் மேல் 5 லட்சம் டிடக்டிபிள் (அந்த அளவு வரை பாலிசி எதுவும் தராது) வைத்து 15 அல்லது 20 லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப். 25 லட்சத்துக்கு ஒரே பாலிசி எடுப்பதைவிட இது பொதுவாக மலிவு. வெறும் டாப்-அப் எடுத்துவிட வேண்டாம். டாப்-அப் ஒவ்வொரு க்ளெய்மையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே வருடத்தில் 4 லட்சம், 4 லட்சம் என்று இரண்டு பில் வந்தால், எதுவுமே தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று கைவிரித்துவிடும். சூப்பர் டாப்-அப் வருடம் முழுக்க வந்த பில்களைக் கூட்டிப் பார்த்து, 5 லட்சத்துக்கு மேல் போன 3 லட்சத்தைத் தரும். இதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு, எனவே இரண்டையும் இப்போதே எடுங்கள். அம்மாவை மட்டும் உங்கள் ஃபேமிலி ஃப்ளோட்டரில் (குடும்பமே ஒரே காப்பீட்டுத் தொகையைப் பகிர்ந்துகொள்ளும் பாலிசி) சேர்க்காதீர்கள். ஃப்ளோட்டரின் பிரீமியத்தைப் பெரும்பாலும் மூத்தவரின் வயதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு பாலிசியைப் பிடித்தால், அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் அறை வாடகை வரம்பிலிருந்தும், ஏற்கப்பட்ட தொகையில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டிய கோ-பேயிலிருந்தும்தான் வந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை ஒரு மாதிரி பில்லில் காட்டுகிறேன்.

பாலிசி 5 லட்சம். அறை வாடகை ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 வரை. 20 சதவீதம் கோ-பே. நீங்கள் எடுத்த அறை நாளுக்கு 8,000, ஆறு நாள் தங்கினீர்கள். அறை வாடகை 48,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,60,000. மருந்து, உள்ளே வைக்கும் கருவி, பரிசோதனைகள் 1,32,000. மொத்தம் 3,40,000. பாலிசிதான் 5 லட்சம் இருக்கிறதே, அறை வித்தியாசம் 18,000 மட்டும் கையிலிருந்து போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. அறைக்கு 30,000 கிடைக்கும். எட்டாயிரத்துக்கு ஐயாயிரம் என்ற அதே விகிதத்தில் டாக்டர், தியேட்டர் கட்டணங்களையும் வெட்டுவார்கள், 1,60,000 என்பது 1,00,000 ஆகிவிடும். மருந்து, கருவி, பரிசோதனையில் அந்த விகித வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் கையுறை, முகக்கவசம் என்று பாலிசியில் சேராத பொருட்களுக்கு 12,000 போகிறது என்று வைத்தால் 1,20,000 மிஞ்சும். கூட்டினால் 2,50,000. அதில் 20 சதவீதம் கோ-பே கழித்தால் கைக்கு வருவது 2,00,000. நீங்கள் கட்டுவது 1,40,000.

ஆகவே அறை வாடகை வரம்பு இல்லாத, அல்லது குறைந்தபட்சம் தனி அறை என்று சொல்லியிருக்கிற பாலிசியாகப் பாருங்கள். கோ-பே இல்லாமல் கிடைத்தால் நல்லது. 60 வயதுக்கு மேல் முதல்முறையாக எடுப்பவர்களுக்கு அது பல இடங்களில் கட்டாயம். இப்போதே எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை பேசியது ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் செலவு. வயதான காலத்தில் மாதாமாதம் பணம் போவது வேறு வழியில். மாத்திரை, டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை, பல், கண்ணாடி, காது கேட்கும் கருவி, பிசியோதெரபி, கடைசியில் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள். வழக்கமான பாலிசி இவற்றில் எதையுமே தராது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பும் பின்பும் குறிப்பிட்ட நாட்களுக்கான செலவு மட்டும் கிடைக்கும். வெளிநோயாளி செலவுக்கு என்று கூடுதல் பிரீமியம் வாங்கித் தருகிற சலுகைகள் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. கட்டுகிற காசும் திரும்பக் கிடைக்கிற காசும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், நடுவில் அலைச்சல் மிச்சம்.

எனவே பணத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள். முதலாவது, பிரீமியம் கட்ட, மேலே கணக்கிட்ட தொகை. அதை 60 வயதுக்குப் பிறகு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியைத் தனிக் கணக்கில் சேர்த்துப் பிரீமியம் கட்டலாம். ஒருவர் 30 லட்சம் வரை போட முடியும். இரண்டாவது, கோ-பே, விட்டுப்போன பொருட்கள், கேஷ்லெஸ் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) கிடைக்காத ஆஸ்பத்திரியில் முதலில் கட்ட வேண்டிய முன்பணம் ஆகியவற்றுக்கு மூன்று லட்சமாவது உடனே எடுக்கக்கூடிய டெபாசிட்டில் இருக்கட்டும். செலவானால் திரும்ப நிரப்பி வையுங்கள். மூன்றாவது, மாத மருந்துச் செலவு. இன்று வீட்டில் என்ன செலவாகிறதோ அதை ஆறு மாதம் எழுதிப் பாருங்கள், அதன் இரண்டு மடங்கை ஓய்வுக்கால மாத பட்ஜெட்டில் வையுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைகளை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் இந்தத் தொகை நன்றாகக் குறையும். டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். வருடம் 40,000 வீதம் 7 சதவீத வட்டியில் போட்டால் ஐந்து வருட முடிவில் கையில் இருப்பது சுமார் 2,46,000. மேலே காட்டிய மாதிரி பில்லுக்கே அது போதாது. ஆறாம் வருடம் வருகிற நோய் ஐந்து வருடச் சேமிப்பைப் பார்த்துவிட்டு வருவதில்லை. ஆனால் அவர் சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. 80-ஐ நெருங்கும்போது அடிப்படைப் பாலிசியின் பிரீமியம் அதன் காப்பீட்டுத் தொகையில் பாதியைத் தொட்டுவிடலாம். 5 லட்சத்துக்கு இரண்டரை லட்சம் கட்டுவது கட்டுப்படியாகாது என்று தோன்றினால், அந்த நிலையில் அடிப்படைப் பாலிசியை விட்டுவிட்டு, முதல் 5 லட்சத்தைச் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, சூப்பர் டாப்-அப்பை மட்டும் தொடர்வேன். இரண்டையும் தனித்தனியாக எடுக்கச் சொல்வதற்கு இந்த வசதியும் காரணம். பெரிய அடிக்குத்தான் காப்பீடு வேண்டும்.

அம்மாவுக்கு 78 வயது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்படி, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு என்பார்கள், பதிவுக்கு ஆதார் வேண்டும். தனியார் பாலிசி இருந்தாலும் இதில் சேரலாம். கார்டு வாங்குவதோடு நிறுத்தாமல், அம்மா வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, அங்கே என்னென்ன சிகிச்சைக்கு ஏற்கிறார்கள் என்று நேரில் போய் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடுகிறது. உங்கள் கம்பெனி பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க வழி இருந்தால், இருக்கிற நான்கு வருடத்துக்கு அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் படிப்பவர்களில் சிலருக்கு உதவும்: இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசு காப்பீட்டில்) குறைந்தது ஐந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், வருடம் 120 ரூபாய் கட்டி, தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இவ்வளவு மலிவான ஒன்றைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வரிச் சலுகை பற்றி இரண்டு வார்த்தை. மூத்த குடிமக்களின் பிரீமியத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு, அம்மாவுக்குக் காப்பீடே இல்லையென்றால் அவருடைய மருத்துவச் செலவுக்கே அதைக் கேட்கலாம். ஆனால் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். ரொக்கமாகக் கட்டினால் கிடையாது.

ஓய்வு நெருங்கும்போது செய்ய வேண்டியவை சில. கம்பெனி பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். குரூப்பில் இருந்த காலம் காத்திருப்பில் கழிக்கப்படும். கடைசி வேலை நாளுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், பல கம்பெனிகளில் அந்த நாள் நள்ளிரவோடு காப்பீடு முடிந்துவிடும். இது உங்களுக்கு இரண்டாவது வழியாக இருக்கட்டும், சொந்தப் பாலிசிக்குப் பதிலாக அல்ல. 58-ல் பணிக்கொடை கைக்கு வரும்போது மூன்று வருடப் பிரீமியத்தை ஒன்றாகக் கட்டினால், அந்த மூன்று வருடத்துக்கு விலை ஏறாது. ஒருவேளை புதுப்பிக்கும் தேதி தவறினால் 30 நாள் சலுகை உண்டு, பாலிசியின் தொடர்ச்சி போகாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கட்டுபவருக்கு அந்த இடைவெளி நாட்களில் வரும் செலவு கிடைக்காது.

கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதல் கேட்டால் மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. இழுத்தடித்தால் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜையில் இதைச் சொல்லுங்கள். க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்தின் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.